இன்ப துன்பங்களின் நிலைக்களம்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் யாவும் இன்பத்தை விழைதலும் துன்பத்தை வெறுத்தலும் இயல்பாக உடையன. எறும்பு இனிப்பை நாடி ஊர்தலும், பறவை வெயிலுக்கு ஒதுங்கி நிழலை அடைதலும், மகவு தாயின் மடியை விரும்பி அழுதலும் இவ்வியல்பு பற்றியனவே. மக்கள் செய்யுந் தொழில்கள் எண்ணிறந்தனவாயினும், அவை அனைத்தும் இன்பம் எய்தல், துன்பம் நீங்கல் என்னும் இரண்டனுள் அடங்கும். அங்ஙனமாகவும், இன்பம் எங்கே உளது, துன்பம் எதனின்று தோன்றுகின்றது என்று சிறிது நின்று வினவுவோர் மிகச் சிலரே. வினவாமையின், இல்லாத இடத்தில் இன்பத்தைத் தேடி இளைத்தலும், வந்த துன்பத்துக்குப் பொருந்தாத காரணங்களைக் கற்பித்துப் பிறரை நோதலும் உலகியலாயின. பொருளே இன்ப துன்பங்களுக்கு நிலைக்களம் என்பார் ஒரு சாரார். மனமே என்பார் ஒரு சாரார். ஊழே என்பார் பிறிதொரு சாரார். இம்மூன்று கொள்கைகளையும் முறையே ஆராய்ந்து, சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்குக் கூறும் விடையைத் தெளிதல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றுகளைப் பாண்டிநாட்டுக் கடற்கரையே தருகின்றது.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையின் வடபால், வேம்பாறு கடலொடு கலக்கும் இடத்தருகே, வேம்பார் என்னும் பழந்துறை உளது. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்பன பரதவர்தம் ஏழு கடற்றுறைகள் என எண்ணப்பட்டு வந்தன. இக்கரை முத்துக்குளித்துறை என்னும் பெயரால் உலகறியப்பட்டது. வேம்பாரில் ஒருபுறம் பனங்காடு. மறுபுறம் மன்னார்க் குடாக்கடல். பனையேறுவோன் விடியலிலும் மாலையிலும் மேலேறிப் பதனீர் இறக்குகின்றான். அதனைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுக்கும் கருப்பட்டிக்கு இவ்வூர் பெயர்பெற்றது. குளியாளனோ கடலடியை நோக்கி இறங்கினான். ஒருவன் வானை நோக்கி ஏறுதலும் ஒருவன் நிலத்தினும் தாழ இறங்குதலும் ஆகிய இரண்டும் ஒரு பொருட்டே. இருவரும் நாடியது வாழ்வின் இன்பத்தையே. இத்துறைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டு முதற்கொண்டு கிறித்து சமயத்தைத் தழுவியவர். சமயம் வேறாயினும் இன்ப துன்பங்கள் எவ்வுயிர்க்கும் பொதுவாகலின், அவர்தம் தொழில் வரலாறு சைவர்க்கும் படிப்பினையாதற்குத் தடையில்லை.

முத்துக்குளிப்பு நிகழ்ந்த முறை அறியத்தக்கது. கடலடியில் முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் கற்பாங்கான இடங்களைப் 'பார்' என்பர். சம்மாட்டியின் தோணி விடியற்கு முன்னரே கரையை விட்டுப் பாரை அடையும். குளியாளன் கயிற்றிற் கட்டிய கல்லின்மீது ஒரு காலை ஊன்றி, மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரினுள் விரைந்து இறங்குவான். அடியை அடைந்ததும் கல்லை விட்டு, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் இட்டு, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் கயிற்றை அசைப்பான். தோணியின்மீது கயிறு பிடித்து நிற்போன் அவனை மேலே ஈர்ப்பான். அக்கயிற்றைக் குளியாளனுடைய மைத்துனனே பிடித்தல் வழக்கம் என்று இக்கரையிற் கூறுவர். உடன்பிறந்தாளின் மங்கல நாணைக் காப்பவன் கயிற்றை நெகிழவிடான் என்பது கருத்து. இவ்வாறு எடுத்த சிப்பிகளுள் ஒரு பகுதி குளியாளர்க்கும் பெரும்பகுதி அரசுக்கும் ஆகும். அரசின் பங்கு கரையிலே குவிக்கப்பட்டு, திறவாத நிலையிலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலமிடப்படும். வாங்கியோர் அவற்றை அழுகவிட்டுக் கழுவி அரித்த பின்னரே உள்ளே முத்து உண்டோ இல்லையோ என்பதை அறிவர்.

இனி, பொருளே இன்பத்துக்கு நிலைக்களம் என்னும் முதற்கொள்கை ஆராயற்பாலது. ஒரே குவியலினின்று ஆயிரஞ் சிப்பி ஏலத்தில் எடுத்த இருவரைக் கருதுக. இருவர்க்கும் ஒத்த மதிப்புள்ள முத்துக்களே கிடைத்தன என்க. கடன் தீரும் அளவே வேண்டும் என்று எண்ணியிருந்தவன் மகிழ்கின்றான். மாடம் எடுக்கலாம் என்று எண்ணியிருந்தவன் வாடுகின்றான். பொருள் ஒன்று, பயன் இரண்டு. இன்பம் முத்தின்கண் உள்ளதாயின் இருவர்க்கும் ஒப்பத் தோன்றுதல் வேண்டுமன்றோ? அன்றியும், சிப்பி திறக்கப்படாத நாட்களில் அவ்விருவரும் மகிழ்ந்திருந்தனரே, அம்மகிழ்ச்சிக்குப் பற்றுக்கோடாக எம்முத்து இருந்தது? இல்லாத முத்து இன்பம் தந்தது. கையில் வந்த முத்து ஒருவனுக்குத் துன்பம் தந்தது. இதனால் பொருளின் உண்மையும் இன்மையும் இன்ப துன்பங்களுக்கு நேர்க்காரணம் அல்ல என்பது பெறப்படும்.

இது தனிமனிதர் அளவில் அமைந்ததன்று. இக்கடலின் மறுகரையாகிய இலங்கையின் மன்னார்ப் பகுதியில் 1905ஆம் ஆண்டு நிகழ்ந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு வந்த வருவாய் 25 இலட்சம் ரூபாய் அளவினது. அப்பெருக்கைக் கண்ட மகிழ்ச்சியில் இலண்டன் நகரத்து வணிகக் குழுவொன்று 1906ஆம் ஆண்டில் அம்முத்துச் சலாபத்தை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பார்களிற் குளிப்பு நிகழ்த்தத்தக்க சிப்பி இல்லையாயிற்று. 1912ஆம் ஆண்டில் அக்குழு கலைந்தது. கடல் எவர்க்கும் எதனையும் உறுதி கூறவில்லை. ஓராண்டின் பெருக்கத்தை இருபதாண்டுக்கு நீட்டிக்கொண்டது மாந்தர்தம் விழைவே.

பின்னும் ஒன்று. ஜப்பான் நாட்டு மிக்கிமோட்டோ என்பார் 1893ஆம் ஆண்டில் சிப்பியினுள் செயற்கையாற் கருவிட்டு அரைமுத்து விளைவித்தார். அம்முறை வளர்ந்து, 1920ஆம் ஆண்டுகளில் முழுமுத்துக்கள் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. அதன் பயனாகக் கடல்முத்தின் விலை நாளடைவில் வீழ்ந்தது. பெட்டகத்துள் இருந்த பழைய முத்துக்களின் ஒளி அணுவளவும் குறைந்ததில்லை; நிறம் மாறியதில்லை; எண்ணிக்கை குன்றியதில்லை. ஆயினும் அவற்றை உடையார் துன்புற்றனர். என்னை? அவர் முத்தை நுகர்ந்தாரல்லர். பிறரிடத்து இல்லாதது தம்மிடத்து உளது என்னும் எண்ணத்தையே நுகர்ந்தார். அவ்வெண்ணத்துக்கு இடம் போயவழி இன்பமும் உடன் போயிற்று.

இக்கால உளநூலாரும் இதற்கு அணித்தானதொரு முடிபை எய்தினர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மூவர் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிசுச்சீட்டிற் பெருந்தொகை பெற்ற 22 பேரும், விபத்தினால் உடல் செயலற்றுப்போன 29 பேரும், இவ்விரண்டும் நேராத 22 பேரும் வினவப்பட்டனர். பரிசு பெற்றவர், பெறாதவரினும் குறிப்பிடத்தக்க மிகுதியான மகிழ்ச்சி உடையராக இல்லை. மாறாக, காலையுணவு, நண்பரொடு உரையாடல் போன்ற எளிய நிகழ்ச்சிகளில் அவர் பெறும் இன்பம் குறைந்திருந்தது. விபத்துற்றோர் மகிழ்ச்சியிற் குறைந்தே இருந்தனர். எனினும் பிறர் எண்ணுமளவு தாழ்ந்திலர். பெரியதொரு பேறு உளத்தின் அளவுகோலையே நீட்டிவிடுகின்றது. நீண்ட கோலால் அளக்குமிடத்துச் சிறிய நன்மைகள் காணப்படாமற் போகின்றன. நாள்தோறும் பதனீர் காய்ச்சுமிடத்து நிற்பவர்க்கு அதன் மணம் தோன்றாமையும், வழியே செல்வார்க்கு அம்மணம் இனித்தலும் இதற்கு எளிய உவமையாம்.

இவ்வளவில், 'அங்ஙனமாயின் மனமே இன்ப துன்பங்களுக்கு நிலைக்களம். நினைப்பை மாற்றின் துன்பம் மாறும்' என்று இரண்டாங் கொள்கையினர் எழுவர். இவர்க்கும் இக்கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. முற்காலத்தே குளியாளர் 'கடல்கட்டி' என்னும் மந்திரகாரன் உடன்வந்தாலன்றிக் கடலில் இறங்கார். சுறாமீன்களின் வாயை அவன் மந்திரத்தாற் கட்டுவான் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழிச் சென்ற மார்க்கோ போலோ, இம்மந்திரகாரர்க்கு எடுத்த சிப்பியில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று குறித்துள்ளார். கடல்கட்டி கரையில் நின்ற அளவிலே குளியாளரின் அச்சம் நீங்கியது, கைகால் நடுக்கம் ஒழிந்தது, மூச்சு நிலைத்தது. கடலில் ஒன்றும் மாறவில்லை, மனம் மாறியது. ஆகவே மனமே காரணம் என்பது இவர் கூற்று.

இக்கூற்றில் ஒரு பகுதி உண்மையே, முழுதும் உண்மையன்று. மனம் மாறியது மெய்; ஆனால் அது தானே மாறிற்றோ என்பது வினா. தன்னைத் தானே தேற்றிக்கொள்ள வல்லதாயின் குளியாளன் மனத்துக்குக் கடல்கட்டி எதற்கு? மனம் தன்னினும் வலியது என்று தான் கருதிய ஒன்றைச் சார்ந்தமையானே தேறியது. தோணியின்மேற் கயிறு பிடித்து நின்ற மைத்துனனைச் சார்ந்தமையானே மூழ்கும் துணிவு பெற்றது. அன்றியும் மனம் என்பது மாயையின் காரியமாகிய ஒரு கருவி, அறிவில் பொருள். கத்தி தன்னைத் தானே தீட்டிக்கொள்ளாதவாறு போல, மனமும் தன்னைத் தானே திருத்திக்கொள்ள மாட்டாது. துயருற்றவனை நோக்கி 'மகிழ்ச்சியாக நினை' என்று கூறுதல், முடவனை நோக்கி 'நட' என்று கூறுதலை ஒக்கும். மேலும், மேற்கூறிய ஆய்விலும் உடல் செயலற்றோர் பிறரினும் மகிழ்ச்சி குறைந்தே இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. பசி மெய், பிரிவு மெய், நோய் மெய். அவற்றை வெறும் நினைப்பென்று கூறுவது, துன்புற்றார்மேல் மற்றொரு பழியையும் சுமத்துவதாக முடியும். துன்பத்தோடு 'துன்பப்படத்தகாத வகையில் துன்பப்பட்டாய்' என்னும் குற்றச்சாட்டும் சேரும்.

மூன்றாங் கொள்கை ஊழே காரணம் என்பது. சைவர் பலர் இதனையே சித்தாந்தம் என்று மயங்குதலின், இது விரிவாக ஆராயற்பாலது. கடலிற் சென்ற ஒருவன் மீளாத வீட்டைக் கருதுக. வாயிலில் அவன் மனைவி அமர்ந்திருக்கின்றாள். மக்கள் செய்தியறியாது விளையாடுகின்றனர். அவ்வழியே செல்லும் ஒருவன், 'அவள் செய்த வினை; அவள் நுகர்கின்றாள்; நாம் என் செய்வது?' என்று கூறிக் கடந்து போகின்றான். அவன் கூறியது சித்தாந்தச் சொல்லே. ஆயின் அவன் சித்தாந்தி அல்லன். இதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, வினை சடப்பொருள். அது தானே வந்து உயிரைப் பொருந்தாது. வினையும், வினை செய்த உயிரும், அதன் பயனும், அப்பயனை உயிர்க்குக் கூட்டும் இறைவனும் என நான்கும் கொள்வதே சைவநெறி. அந்நான்காவதை விட்டு முதல் மூன்றனை மட்டும் கொள்வது சித்தாந்தமன்று. கூட்டுபவன் பகைவனல்லன், மலநோய் தீர்க்கும் மருத்துவன். மருத்துவனது நோக்கம் அறியாது நோயாளியை இகழ்வது மருத்துவனையே இகழ்ந்ததாம்.

இரண்டாவது, பிறருடைய வினை இன்னதென்று அறிதல் சிற்றறிவுடைய உயிர்க்கு இயலாது. சஞ்சிதம் எவ்வளவு, அதனினின்று இப்பிறவிக்குப் பகுக்கப்பட்ட பிராரத்தம் எவ்வளவு என்பதை இறைவன் ஒருவனே அறிவான். தன் வினையையே அறியாதவன் அயலாள் வினையை அறிந்தவன்போலத் தீர்ப்புக் கூறுதல் ஆணவமலத்தின் செயலேயன்றி அறிவின் செயலன்று.

மூன்றாவது, அத்துயருற்றவளுக்கு அந்நாளிற் கிடைக்கவேண்டிய ஆறுதலும் அவள் வினைப்பயனுள் ஒன்றாகலாம் அன்றோ? அடுத்த வீட்டாள் கொண்டுவரும் ஒரு கலம் கஞ்சியும், மக்களை அழைத்துச் சென்று உண்பித்தலும், அருகில் வாளா அமர்ந்திருத்தலும் இறைவன் அவளுக்குக் கூட்டும் நற்பயன்களாம். அவற்றைக் கொண்டு செல்லும் கருவியாக இறைவன் தன்னை அழைப்பதை உணராது கடந்து சென்றவன், அவள் வினையை ஆராயப் புகுந்து, தனக்குப் புதியதோர் ஆகாமியத்தை ஈட்டிக்கொண்டான். இவ்வகைக் கடினம் இன்று தோன்றியதன்று. கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டினதாகிய செங்கடற் செலவு என்னும் கிரேக்க நூல், கொற்கைப் பகுதி முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறும். ஒருவர் காதில் ஒளிர்ந்த முத்துக்கு மற்றொருவர் அடக்கிய மூச்சு விலையாயிற்று. அது குற்றவாளியின் வினை என்று முத்தணிந்தோர் அமைதி கொண்டிருப்பின், அவ்வமைதி இன்பமன்று, மயக்கமேயாம்.

ஆகவே, வினை என்னும் சொல் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரிய மருந்து. பிறர் துன்பத்தைத் தள்ளுதற்கு உரிய கருவியன்று. தனக்கு வந்ததைத் 'தன் வினை' என்று தாங்குக. பிறர்க்கு வந்ததைத் 'தன் கடன்' என்று துடைக்க. இவ்விரண்டனையும் இடம் மாற்றிக்கொள்வோரே உலகிற் பலர். தம் சிறு துன்பத்துக்குப் பிறரைக் காரணமாக்கி, பிறர் பெருந்துன்பத்துக்கு அவரவர் வினையைக் காரணமாக்குவர். துன்பம் உலகிற் பெருகுதற்கு இம்மாறாட்டமும் ஒரு பெருங்காரணம்.

இனி, சித்தாந்தம் கூறும் விடை வருமாறு. புறத்துள்ள பொருளைப் பொறிகள் பற்றுகின்றன. சித்தம் சிந்திக்கின்றது, மனம் இஃது யாதோ என ஐயுறுகின்றது, அகங்காரம் 'நான் துணிவேன்' என எழுகின்றது, புத்தி இஃது இன்னதென நிச்சயிக்கின்றது. அப்புத்தியின்கண் சாத்துவிகம் மேம்படின் இன்பமாகவும், இராசதம் மேம்படின் துன்பமாகவும், தாமதம் மேம்படின் மயக்கமாகவும் அந்நிச்சயம் வடிவு கொள்ளும். அராக தத்துவம் விழைவை எழுப்பும்; நியதி தத்துவம் அவரவர் வினைப்பயன் அவரவரையே சேருமாறு வரையறுக்கும். இவையனைத்தும் கருவிகளே, நுகர்பவன் ஆன்மா. ஆன்மாவோ எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்ளும் இயல்பினது. பளிங்கு தன்னருகே வைத்த மலரின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிரும் ஏலக்குவியலைச் சார்ந்துழி அக்குவியலின் ஏற்றத்தாழ்வைத் தன் ஏற்றத்தாழ்வாக உணரும். ஆதலின் இன்ப துன்பங்களின் நிலைக்களம் பொருளுமன்று, மனமுமன்று, தனித்து நின்ற ஊழுமன்று. உயிர் கொள்ளும் சார்பேயாம். வினை பொருளைக் கொணரும். மனம் அதனைக் காட்டும். சார்போ அது தனக்கு வாழ்வா வீழ்வா என்பதை உறுதிசெய்யும்.

முத்துக்குளிப்பையே உவமையாகக் கொண்டு இதனைத் தெளியலாம். கடலும் பாரும் சிப்பியும் குளியாளன் உடம்பும் மாயையின் காரியங்கள். தனு கரண புவன போகங்கள் என்பன இவையே. இன்று இவன் கூடையில் இத்தனை என்று அமைவது கன்மம். 'நான் எடுத்தேன், இஃது எனது, அவன் கூடை ஏன் நிறைந்தது?' என்று எழுவது ஆணவம். கீழே இழுக்கும் கல்லும் கயிற்றிற் கட்டுண்டதே. மேலே ஏற்றுவதும் கயிறே. ஒரு கயிறு பாசம். ஒரு கயிறு அருள். மூழ்கியவன் கையில் இரண்டும் உள. சிப்பியின்மேல் வைத்த ஆசையால் நேரம் கடந்தும் அடியில் நிற்பவன், முத்திருக்கும் இடத்திலேயே மூச்சை இழப்பான். உரிய காலத்தில் கையிலுள்ளதே அமையும் என்று அருட்கயிற்றை அசைப்பவன், கூடையில் ஒன்றே இருப்பினும் ஒளியைக் காண மேலெழுவான்.

இவ்வுண்மைக்கு இலக்கியமாக விளங்குபவர் கடற்கரையிலேயே தோன்றிய அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் குலத்துத் தலைவராகிய இவர், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபிரானுக்கு என்று கடலில் விடுதலை நோன்பாக மேற்கொண்டவர். வலை நிறைந்த நாட்களிலும் ஒன்று. குறைந்த நாட்களிலும் ஒன்று. பின்னர் நாள்தோறும் ஒரே மீன் மட்டும் அகப்படும் காலம் வந்தது. அவ்வொன்றும் இறைவனுக்கே ஆயிற்று. செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் உணவின்றி வாடினர், நாயனாரும் உடன் பசித்தார். பசி அவர்க்குப் பசியாகவே இருந்தது. ஆனால் அவர் மகிழ்ச்சி குறைந்திலது. ஒருநாள் பொன்னும் நவமணியும் இழைத்த மீனொன்று வலையில் வந்தது. உலகெல்லாம் விலைபெறும் அம்மீனும் அன்று அகப்பட்ட ஒன்றாகலின், அதனையும் 'இறைவனுக்கு' என்று அலைமேல் விட்டார். ஆவணித் திங்கள் ஆயிலிய நாளில் நாகையில் இவ்வருட்செயல் விழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இங்கு நோக்கற்பாலது ஒன்று உண்டு. பொன்மீனை விடுதல் அரியது என்று உலகினர் வியப்பர். நாயனார்க்கோ பொன்மீனும் முன்னாளில் விட்ட எளிய மீனும் வேறல்ல. அவர் மீனைச் சார்ந்தாரல்லர். மீனைக் கொடுக்கும் செயலின் வழியே இறைவனைச் சார்ந்தார். ஒற்றை மீன் வந்த நாளிலே நிலைகலங்காமையாற்றான் பொன்மீன் வந்த நாளிலும் நிலைகலங்கிலர். வறுமையில் தளராதவனே செல்வத்திலும் தளரான். திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரில் உழவாரப்பணி புரிந்தபொழுது, பொன்னும் மணியும் மண்ணில் விளங்கித் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கல்லொடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தமையும் இந்நிலையே. அவ்வடிகள் முன்னர்ச் சூலைநோயால் வருந்தியதும், அந்நோயே திருவதிகைப் பெருமான் திருவடிக்கு அவரை ஈர்த்த கயிறாயினமையும் சைவர் அறிந்தன. இன்பம் வந்து கெடுத்தாரும் உளர். துன்பம் வந்து உய்ந்தாரும் உளர். சிப்பியினுட் புகுந்த அயற்பொருளோ புழுவோ அதன் உடலை உறுத்த, அவ்வுறுத்தலைச் சுற்றித் தன் ஒளிப்பூச்சைப் படலம் படலமாக இட்டு அது முத்தாக்குகின்றது. உறுத்துதல் யாண்டும் உளது. முத்தாதல் சில இடத்தே நிகழ்கின்றது.

இந்நிலையே சித்தாந்தத்தில் இருவினையொப்பு எனப்படும். நல்வினையும் தீவினையும் தம்முள் அளவால் ஒத்தல் அன்று அது. அவற்றின் பயன்களிடத்து உயிர்க்கு விருப்பும் வெறுப்பும் தோன்றாது ஒத்தல் என்பதே சிவஞான முனிவர் வழிவந்தோர் கொள்ளும் பொருள். இஃது உணர்ச்சியறுதல் என்று சிலர் பிறழ உணர்வர். குளியாளனும் மூழ்குகின்றான், அவன் காற்கீழ்க் கல்லும் மூழ்குகின்றது. கல்லுக்கு அச்சமில்லை; ஆனால் அது ஒன்றையும் அறிவதுமில்லை, ஒருவரை நேசிப்பதுமில்லை. கல்லாதல் இருவினையொப்பன்று. ஒப்பு நிலை எய்தினான் தன் பேறு இழவுகளில் அசையானாயினும், பிறர் துயர் கண்டவிடத்து முன்னையினும் மிக உருகுவன். தன்னைக் குறித்த கவலையில் அடைபட்டிருந்த நெஞ்சம் திறக்கப்பட்டமையின், பிறர்க்கு அங்கே இடம் உண்டாகின்றது. ஒருவன் எய்தியது மெய்யான அமைதியோ, அன்றி மரத்துப்போன நெஞ்சோ என்பதை அறிதற்கு இதுவே உரைகல்.

'உலகியலில் உழல்வார்க்கு இந்நிலை கைகூடுமோ?' எனின், முழுநிலை திருவருளாலன்றிக் கூடாது. ஆயின் அதற்குரிய பயிற்சி எளியது, அதிபத்தர் காட்டியது. கிடைப்பதில் முதற்பகுதி தன்னதன்று என்று நாள்தோறும் எடுத்து வைத்தல் ஒன்று. அது மீனாயினும் பிடியரிசியாயினும் ஒரு நாழிகைப் பொழுதாயினும் ஆகுக. நிறைந்த நாளிலும் குறைந்த நாளிலும் அதனை மாற்றாமை மற்றொன்று. அதனைச் செய்யுமிடத்துத் திருவைந்தெழுத்தை நினைதல் வேறொன்று. இவ்வளவில் உயிர் தன் சார்பைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். நாளின் தொடக்கத்தே ஒன்றை விடப் பழகினவனுக்கு, நாளின் முடிவில் ஒன்று போயவிடத்து அது புதிய கொள்ளையாகத் தோன்றாது.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து நிகழ்ந்த முத்துக்குளிப்பே இந்நாட்டுக் கரையில் இறுதியானதாயிற்று. 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், நடுவணரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்க்கும் முறையை வெற்றியுடன் நிகழ்த்தினர். எனினும் பழைய சலாபங்கள் மீண்டில. ஆயிரம் ஆயிரமாகச் சிப்பி ஏலமிட்ட மணற்பரப்பில் இன்று ஏலக்குரல் இல்லை. முத்தினால் இன்பம் வருவதாயின், முத்தொழிந்த பின் இக்கரையில் மகிழ்ச்சியே ஒழிந்திருத்தல் வேண்டும். முத்தினால் துன்பம் வருவதாயின், துன்பம் ஒழிந்திருத்தல் வேண்டும். இரண்டும் ஒழிந்தில. வேம்பாரில் விடியற்காலத்தே கடலுக்குச் செல்வோர் செல்கின்றனர், பனையேறுவோர் ஏறுகின்றனர், சிலர் வீட்டில் சிரிப்பும் சிலர் வீட்டில் அழுகையும் உள. கடல் கொடுப்பது மாறிக்கொண்டேயிருக்கும்; கொடுத்ததை வாங்கும் கை எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே வினா.

கயிறு பிடித்து நிற்போன் உறங்குவதில்லை என்னும் உறுதியால் குளியாளன் இருண்ட நீரில் இறங்கினான். அவ்வுறுதியைத் திருவடிக்கண் வைத்தார்க்கு, இறங்குதலும் ஏறுதலும் ஒக்கும். வெறுங்கூடையும் நிறைகூடையும் ஒக்கும். அயலானது வெறுங்கூடை ஒன்றே ஒவ்வாது நெஞ்சை உறுத்தும். அவ்வுறுத்தலை முத்தாக்குதலே சிவத்தொண்டு.

திருச்சிற்றம்பலம்